பலகை போதும், சோழி வேண்டாம்: ஜப்பானியக் கிளிஞ்சல் பெட்டிகளும் அப்பத்தாவின் பல்லாங்குழியும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

பள்ளிக்கரணையில இருந்து பேசுறேன். பின்னாடி லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, ரேடியல் ரோடு பக்கத்துல வீடு எடுத்தா அது இலவச இணைப்பு.

போன மாசம் வீடு மாறினோம். அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கும்போது அப்பத்தாவோட பல்லாங்குழி கிடைச்சுது. மரத்துல செஞ்சது, ரெண்டா மடிக்கலாம், நடுவுல பித்தளைக் கீல். அவங்க கல்யாணச் சீர்ல வந்த சாமான். உள்ளே ஒரு சுருக்குப் பையில சோழிகள். புது வீட்டுல இடம் கம்மி, வித்துடலாமான்னு ஒரு யோசனை. பழம்பொருள் வாங்குற ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீலை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பலகை போதும் சார், சோழி வேண்டாம். இப்பல்லாம் சுவத்துல மாட்டத்தான் வாங்குறாங்க."

அந்த வார்த்தை மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதே வாரம் ஏதோ ஏலப் படங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தப்போ ஒரு ஜப்பானியப் பெட்டி கண்ணுல பட்டுது. எட்டுப் பட்டை, கறுப்புப் பளபளப்பு, மேல தங்கத்துல வேலைப்பாடு, சிவப்புக் கயிறு. விளக்கத்துல "ஜோடியில் ஒன்று, உள்ளே காலி"ன்னு போட்டிருந்துச்சு. அது எதுக்கான பெட்டின்னு தேடிப் போனதுதான் இன்னைக்கு எபிசோடு.

அது என்ன பெட்டி?

அதுக்குப் பேரு காயிஓகே. "காயி"ன்னா கிளிஞ்சல், "ஓகே"ன்னா வாளி மாதிரியான பாத்திரம். அதை வச்சு ஆடுற ஆட்டத்தைக் காயி-அவாசேன்னு சொல்வாங்க, கிளிஞ்சல் ஜோடி சேர்க்குறது.

ஆட்டத்தோட அடிப்படை ரொம்ப எளிமை. மட்டிக்கு ரெண்டு ஓடு இருக்கும் இல்லையா? அந்த ரெண்டையும் சேர்க்குற இடத்துல, கீல் பக்கத்துல, சின்னச் சின்னப் பற்கள் இருக்கு. ஒரு ஓட்டோட பல்லு அதோட சொந்த ஜோடி ஓட்டுலதான் கச்சிதமா உட்காரும். அதே அளவுள்ள வேற ஓட்டை வச்சா எங்கேயாவது இடைவெளி விடும், இல்லை ஆடும். பூட்டுக்கு ஒரே சாவிங்கற மாதிரி. ஜப்பான்காரங்க இதை ஒரு விளையாட்டா மாத்திட்டாங்க.

முழு செட்டுக்கு 360 ஜோடி. ஒரு பக்கத்து ஓடுகள் எல்லாம் ஒரு பெட்டியில, மறு பக்கத்து ஓடுகள் இன்னொரு பெட்டியில. அதனாலதான் காயிஓகே எப்பவும் ரெண்டு. ஆடும்போது ஒரு பெட்டியில இருக்குறதை எல்லாம் தரையில வட்டம் வட்டமாக் கவிழ்த்து வைப்பாங்க. இன்னொரு பெட்டியில இருந்து ஒரு ஓட்டை எடுத்து நடுவுல வைப்பாங்க. சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்க அதோட ஜோடியைக் கண்டுபிடிக்கணும். அதிகமா சேர்த்தவர் ஜெயிச்சார்.

போன்ல ஆடுற ஞாபகசக்தி கேம் மாதிரின்னு நினைச்சுடாதீங்க. இதுல மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. ஓட்டோட வெளிப்பக்கம் இருக்குற வரி, நிறம், புள்ளி, இதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். அப்புறம் கையில எடுத்துப் பொருத்திப் பார்ப்பாங்க. பிற்காலத்துல ஓடுகளோட உள்பக்கம் தங்கப் பூச்சு கொடுத்து ஓவியம் வரைய ஆரம்பிச்சாங்க, பல செட்கள்ல 'கெஞ்சி கதை'க் காட்சிகள். ஒரு ஜோடிக்கு ரெண்டு ஓட்டுலயும் பொருந்துற மாதிரி படம் இருக்கும். அது விடை சரியான்னு பார்த்துக்கத்தான்.

சீர்வரிசையில முதல் சாமான்

ஒரு ஓட்டுக்கு ஒரே ஜோடிதான். அப்போ இதைக் கல்யாணத்தோட சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? எடோ காலத்துல, அதாவது 1603-ல இருந்து 1868 வரைக்கும், பெரிய பிரபுக்கள் வீட்டுக் கல்யாணத்துல பொண்ணு வீட்டுச் சீர் ஊர்வலமாப் போகும்போது காயிஓகே ஜோடிதான் முன்னால போகும். மாப்பிள்ளை வீட்டுல அதை முறைப்படி ஒப்படைக்கிறதுக்குன்னு தனிச் சடங்கே உண்டு. நம்ம ஊர்ல சீர்த்தட்டு எண்ணுவாங்களே, அந்த மாதிரி, ஆனா இன்னும் விறைப்பா.

இதுல மிகப் பிரபலமான ஒரு செட் இருக்கு. ஷோகன் தோகுகாவா இயெமிட்சுவோட பொண்ணு சியோஹிமே. 1639-ல ஒவாரி தோகுகாவா குடும்பத்துக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணுக்கு அப்போ மூணு வயசுகூட நிறையலை. அரசியல் கல்யாணம். அந்தச் சீர் சாமான்களுக்கு 'ஹாட்சுனே' தொகுப்புன்னு பேரு, கெஞ்சி கதையோட ஒரு அத்தியாயத்தோட பேர் அது. கோஅமி நாகாஷிகேங்கற கலைஞரோட பட்டறையில செஞ்சது. இன்னைக்கு நகோயாவுல தோகுகாவா கலை அருங்காட்சியகத்துல இருக்கு, ஜப்பானோட தேசியப் பொக்கிஷம். அதுலயும் ஒரு ஜோடி காயிஓகே இருக்கு.

மூணு வயசு நிறையாத குழந்தை, விசுவாசத்துக்கு அடையாளமா 360 ஜோடி கிளிஞ்சலைத் தூக்கிக்கிட்டுப் போகுது. அழகான பொருள் எல்லாம் அழகான காரணத்துக்காகவே செய்யப்பட்டதுன்னு நினைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். மார்ச் 3-ம் தேதி ஜப்பான்ல ஹினமட்சுரின்னு பெண் குழந்தைகளுக்கான பண்டிகை. சிவப்புத் துணி விரிச்ச படிகள்ல பொம்மை அடுக்குவாங்க, அப்படியே நம்ம கொலு. அந்தப் படிகள்ல பொம்மைகளுக்கான குட்டிச் சீர் சாமான்களையும் வைப்பாங்க, அதுல கட்டைவிரல் சைஸ் காயிஓகேவும் இருக்கும். அன்னைக்கு மட்டி சூப்பும் உண்டு.

ஈரத்துல காயும் பூச்சு

சரி, அந்தக் கறுப்புப் பளபளப்பு? நம்ம சொல்ற அரக்கு வேற, இது வேற. நம்ம அரக்கு ஒரு பூச்சி சுரக்குற பிசின். சன்னபட்னா பொம்மை, ஏட்டிகொப்பாக்கா பொம்மை எல்லாம் அந்த வகை. கடைசல்ல மரம் சுத்தும்போது அரக்குக் குச்சியை அழுத்துவாங்க, உரசல் சூட்டுல உருகி ஒட்டிக்கும், அப்புறம் தாழை ஓலையால மெருகு போடுவாங்க.

ஜப்பான்ல பூசுறது உருஷி, ஒரு மரத்தோட பால். மரத்தை 10-ல இருந்து 15 வருஷம் வளர்த்து, பட்டையைக் கீறி எடுப்பாங்க. ஒரு மரத்துல மொத்தமே சுமார் 200 மில்லிதான் கிடைக்கும். ஒரு டம்ளர். அந்தப் பால் தோல்ல பட்டா அரிச்சுத் தடிச்சுப் போகும். நமக்கு இது புதுசில்லை. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகும்ல? மாமரம், முந்திரி, வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டை, உருஷி எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். காய்ஞ்சு இறுகின பிறகு தைரியமா அதுல சோறே சாப்பிடலாம்.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்: உருஷி வெயில்ல காயாது. அது இறுகுறதுக்கு ஈரக் காத்து வேணும். 70, 80 சதவீதம் ஈரப்பதம் இருக்குற அலமாரிக்குள்ள வச்சு, ஒரு பூச்சு இறுகின பிறகு தேய்ச்சு, அடுத்த பூச்சு. பால்ல இருக்குற ஒரு நொதி ஈரத்தோட சேர்ந்து வேலை செஞ்சாத்தான் அது கெட்டியாகும். நம்ம பள்ளிக்கரணை நவம்பர் காத்தைப் பாட்டில்ல அடைச்சு அனுப்பலாம் போல.

மேல தங்க வேலைப்பாடு இருக்கே, அதுக்கு மாகி-எ, "தூவின படம்"னு அர்த்தம். உருஷியால கோடு வரைஞ்சு, அது ஈரமா இருக்கும்போதே தங்கத் தூளைத் தூவுவாங்க. கிட்டத்தட்ட கோலம், ஆனா தங்கத்துல.

இவ்வளவு உறுதியான பூச்சுக்கும் ஒரு எதிரி உண்டு: வெளிச்சம். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு மங்கிப் போகும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. உங்க வீட்டுல எந்தக் கீழை ஆசிய அரக்குப் பெட்டி இருந்தாலும் ஜன்னல் பக்கத்துல இருந்து தள்ளி வைங்க.

ஒரு குட்டித் தகவல். ஐரோப்பாவுல 'கோரமண்டல்' அரக்குன்னு ஒரு வகைத் தடுப்புத் திரை பிரபலம். செஞ்சது சீனாவுல. ஆனா கப்பல்ல போன வழி நம்ம சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள். அதனால பேரு நம்மளுது. பொருள் இங்கே தங்கலை, பேரை மட்டும் வாங்கிட்டுப் போயிடுச்சு.

கோவளத்து மட்டியோட ஒரு சாயங்காலம்

படிச்சது போதும், ஆடிப் பார்க்கணும்னு தோணுச்சு. ஜப்பான்காரங்க பயன்படுத்துறது ஹமகுரின்னு ஒரு மட்டி. அதோட நெருங்கின சொந்தக்கார இனம் நம்ம கழிமுகங்கள்ல இருக்கு, முட்டுக்காடு உட்பட. யோசிச்சுப் பாருங்க, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்துலதான் கடல்ல சேருது. நம்ம வீட்டு வாசல் தண்ணி போற ஊரு.

ஞாயித்துக்கிழமை காலையில கோவளம் போனேன். மீன் விக்கிற ஒரு அக்காகிட்ட அரைக் கிலோ மட்டி வாங்கினேன். "எப்படிப்பா சமைப்பே?"ன்னு கேட்டாங்க. "விளையாடப் போறேன்க்கா"ன்னேன். மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தாங்க, கேள்வி கேக்கலை.

வீட்டுல வேக வச்சு, சதையை அம்மா பொரியலாக்கிட்டாங்க. 20 ஜோடி ஓட்டைத் தேர்ந்தெடுத்தேன். உள்பக்கம் மார்க்கர்ல நம்பர் போட்டேன், கீலைப் பிரிச்சேன், வலது ஓடு எல்லாம் தரையில கவிழ்ந்து, இடது ஓடு எல்லாம் ஒரு டிபன் டப்பாவுல.

முதல் பத்து நிமிஷம் எல்லாமே ஒண்ணு போலத் தெரிஞ்சுது. நான் அளவைப் பார்த்துத் தேடினேன், அஞ்சுல நாலு தப்பு. அம்மா அளவைப் பார்க்கவே இல்லை, நிறத்தையும் வரியையும் பார்த்தாங்க. "இதுல காப்பிக்கறை மாதிரி ஒரு கோடு ஓடுது பாரு, அது அதுல தொடரும்." எடுத்துப் பொருத்தினா 'டக்'னு ஒரு சின்னச் சத்தம். தப்பான ஜோடியில அந்தச் சத்தம் வராது. அம்மாவுக்கு 14, எனக்கு 6.

எதை ஈடு செய்ய முடியும்?

ஆட்டம் முடிஞ்சு எடுத்து வைக்கும்போது ஒரு ஓடு காணோம். சோஃபாவுக்கு அடியில போய், நான் தெரியாம மிதிச்சு நொறுக்கிட்டேன். கையில மிச்சம் இருந்த அதோட ஜோடிக்கு இனி இந்த உலகத்துல பொருந்துற ஓடு கிடையாது. அப்பத்தான் அந்த ரெண்டு பெட்டியோட வேலை புரிஞ்சுது. நூத்துக்கணக்கான மணி நேரம் உருஷி பூசி, தங்கம் தூவி, கயிறு கட்டி வச்சது எதுக்கு? ஈடு செய்யவே முடியாத ஒண்ணைப் பத்திரமா வைக்க. ஜோடியில ஒரு பெட்டி மட்டும், அதுவும் காலியா விலைக்கு வருதுன்னா, அது பாதி விடுகதை.

பல்லாங்குழி அப்படி இல்லை. எங்க வீட்டு ஆட்டத்துல 14 குழி, குழிக்கு அஞ்சு, மொத்தம் 70 சோழி. எண்ணிப் பார்த்தேன், 61 இருந்துச்சு. அம்மா ஒண்ணுமே சொல்லாம அடுக்களைக்குப் போய் 9 புளியங்கொட்டை எடுத்துட்டு வந்தாங்க. ஆட்டம் ஓடுச்சு. சோழி போனா புளியங்கொட்டை, அதுவும் போனா மஞ்சாடி, அதுவும் இல்லைன்னா கூழாங்கல். பலகைகூட வேண்டாம், மண்ணுல குழி தோண்டலாம்.

அப்போ நம்ம ஆட்டத்துல ஈடு செய்ய முடியாதது எது? ஆடிக்கிட்டு இருக்கும்போது தெரிஞ்சுது. ஒரு குழியில நாலு சேர்ந்தா அது 'பசு', அந்தக் குழிக்காரர் எடுத்துக்கலாம், அது எனக்கும் தெரியும். ஆனா தோத்தவங்க அடுத்த சுத்துல நிரப்ப முடியாத குழியை என்ன பண்ணணும், காலிக் குழிக்கு அடுத்ததை எடுத்த பிறகு ஆட்டம் யார்கிட்ட போகும், இதுல எல்லாம் அம்மா "உங்க அப்பத்தா வேற மாதிரி ஆடுவாங்க"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. பாதி ஞாபகம் இருக்கு, பாதி இல்லை. பல்லாங்குழிக்கு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும். எங்க வீட்டு விதி எந்தப் புத்தகத்துலயும் இல்லை, அப்பத்தாகிட்ட இருந்துச்சு. நான் கேக்கலை.

பழம்பொருள்காரரை நான் குறை சொல்லலை. அவர் கேட்டது பலகை, அவருக்கு அது போதும். நானும் அத்தனை வருஷமா பலகையைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பலகையை விக்கலை. அம்மாவுக்கு ஞாபகம் இருக்குற வரைக்கும் விதிகளைப் போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன், 11 நிமிஷம். நடுநடுவுல "இரு, அது அப்படி இல்லை"ன்னு மூணு தடவை வருது. அதையும் வெட்டலை.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல பாட்டி, அம்மாச்சி, பெரியம்மா யாராவது இருந்தா, இந்த வாரம் போன் போட்டு ஒரே ஒரு ஆட்டத்தோட விதியைக் கேளுங்க. பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல், எதுவா இருந்தாலும். ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. பலகை அப்புறம் வாங்கிக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். வர்றேன்.