கூரைக்கடியில் வீணாகும் மின்சாரம்: ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் எல்.ஈ.டி. ஏன்?

வடக்கில் அரிசி ஆலையோ, பனிக்கட்டித் தொழிற்சாலையோ, நெற் களஞ்சியமோ நடத்துகிற எவரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் மின்கட்டணத்தில் வந்து நிற்கிறது. 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் உயர்ந்தது. பிறகு சில தடவைகள் குறைத்தார்கள். இடையில் கூட்டவும் செய்தார்கள். போருக்குப் பின் கடன்பட்டுக் கட்டியெழுப்பிய சிறு தொழில்களுக்கு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் இடைவெளி மிகக் குறைவு. கட்டணம் கட்ட முடியாமல் ஓர் ஆலை ஒரு வேளை வேலையை நிறுத்தினால், அங்கே நாட்கூலிக்கு வரும் பெண்களின் வீடுகளில்தான் அது முதலில் தெரியும்.

இத்தகைய இடங்களில் மின்னிணைப்பு வேலை செய்பவன் என்ற முறையில் நான் எப்போதும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "உங்கள் பட்டியலில் விளக்குகளுக்கு எவ்வளவு போகிறது?" பெரும்பாலும் பதில் வராது. மோட்டர் சத்தம் போடும், சூடேறும், கண்ணுக்குத் தெரியும். விளக்கு கூரையில் தொங்குகிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அரிசி ஆலையில் மின்சாரத்தின் பெரும்பகுதி மோட்டர்களுக்குத்தான் போகிறது, அது உண்மை. ஆனால் களஞ்சியசாலையில், பொதியிடும் மண்டபத்தில், தையல் நிலையத்தில் விளக்குகளின் பங்கு சிறியதல்ல. மோட்டரை மாற்றப் பெரும் பணம் வேண்டும். விளக்கை ஒவ்வொன்றாகக்கூட மாற்றலாம்.

ஒரு கணக்கு

உயரமான கூரையுள்ள பழைய களஞ்சியங்களில் 400 வாற் மெற்றல் ஹேலைட் அல்லது சோடியம் விளக்குகளை இன்னும் காணலாம். 400 என்பது குமிழின் அளவு மட்டுமே. அதோடு சேர்ந்த சோக்கும் மின்சாரம் எடுக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு விளக்குக்கு ஏறத்தாழ 450 வாற் ஆகும். அதன் இடத்துக்குப் பொதுவாக 150 வாற் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று போதும்.

12 விளக்குகள் உள்ள ஒரு களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். பழையவை 5.4 கிலோவாற், புதியவை 1.8 கிலோவாற், மிச்சம் 3.6 கிலோவாற். நாளுக்கு 10 மணிநேரம், மாதத்துக்கு 26 நாட்கள் எரிந்தால் மாதம் 936 அலகுகள் மிச்சம். ஆண்டுக்கு 11,232 அலகுகள். இதை உங்கள் பட்டியலில் உள்ள அலகு விலையால் பெருக்குங்கள். அலகுக்கு 20 ரூபா என்று வைத்தால்கூட மாதம் 18,720 ரூபா. புதிய விளக்குகளின் மொத்த விலையையும் பொருத்துகூலியையும் கூட்டி, மாதச் சேமிப்பால் வகுத்தால், எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். விற்பனையாளர் சொல்லும் கணக்கை நம்புவதைவிட இது நல்லது.

42 கிலோவோல்ற்-அம்பியருக்கு மேற்பட்ட இணைப்புள்ள ஆலைகள் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். அவற்றுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் அலகு விலை அதிகம். விளக்குகள் கட்டாயம் எரிகிற நேரமும் அதுவே. அத்துடன் மாதத்தின் அதிகபட்சக் கேள்விக்கும் தனிக் கட்டணம் உண்டு. மோட்டர்கள் முழுவீச்சில் ஓடும்போது விளக்குகளும் எரிந்தால், விளக்குச் சுமையைக் குறைப்பது அந்தக் கட்டணத்தையும் கொஞ்சம் குறைக்கும்.

வெளிச்சம் குறையாதா?

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அன்று சிக்கனம் என்றால் வெளிச்சத்தைக் குறைப்பது. அந்தப் பழக்கத்தில்தான், "450 வாற் இருந்த இடத்தில் 150 வாற்றா? இருட்டாகிவிடுமே" என்ற பயம் வருகிறது.

வாற் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய இழைக் குமிழ் ஒரு வாற்றுக்கு 12 முதல் 15 லூமன் வரை தந்தது, மீதியெல்லாம் சூடு. மெற்றல் ஹேலைட் 75 முதல் 100 வரை தரும். இன்றைய நல்ல எல்.ஈ.டி. 130க்கு மேல் தருகிறது. அதைவிட முக்கியம், பழைய விளக்கு எல்லாத் திசைக்கும் ஒளியை வீசும். மேலே போனதைத் தகடு வைத்துக் கீழே திருப்பவேண்டும். தகட்டில் தூசு படிந்தால் அதுவும் நடக்காது. எல்.ஈ.டி. வேண்டிய பக்கம் மட்டும் ஒளியை விடும். மெற்றல் ஹேலைட் குமிழ் தன் ஆயுளில் வெளிச்சத்தின் மூன்றிலொரு பங்கு வரை இழந்துவிடும். ஆனால் பட்டியல் குறையாது. எனவே ஒப்பிடவேண்டியது புதிய குமிழோடு அல்ல, உங்கள் கூரையில் இன்று மங்கலாக எரிவதோடுதான்.

வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல ஒளி தரும் சில்லு ஒன்றின் மேல் மஞ்சள் நிறப் பூச்சிட்டது. அந்த நீலச் சில்லை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பணத்துக்கு அப்பால்

முதலாவது பாதுகாப்பு. சாதாரண சோக்கில் எரியும் ரியூப் லைற்றும் மெற்றல் ஹேலைட்டும் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சில வேகங்களில் சுழலும் கப்பி இந்தத் துடிப்பில் நின்றுவிட்டது போலவோ, மெதுவாகச் சுழல்வது போலவோ தோன்றும். பெல்ற்றுக்கு அருகில் கைவைப்பவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. தரமான எல்.ஈ.டி.யில் இந்தத் துடிப்பு மிகக் குறைவு. மலிவான எல்.ஈ.டி.யில் இது இருக்கும்; கைத்தொலைபேசிக் கமராவை விளக்கை நோக்கிப் பிடித்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். அப்படிப்பட்டதை இயந்திரத்துக்கு மேலே மாட்டாதீர்கள்.

இரண்டாவது, மின்தடை. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. இன்றும் மழைக்காலத்தில் மின்சாரம் போய் வருகிறது. மெற்றல் ஹேலைட் அணைந்தால் ஆறிய பின்தான் மீண்டும் பற்றும். அதற்குப் 10 முதல் 15 நிமிடம் ஆகலாம். அதுவரை பாரமான மூடைகளுக்கும் இயந்திரங்களுக்கும் இடையில் ஆட்கள் இருட்டில் நிற்கிறார்கள். எல்.ஈ.டி. மின்சாரம் வந்த கணமே எரியும். சுமை குறைவு என்பதால் சில விளக்குகளைச் சிறிய பற்றரியிலோ சூரியகலத்திலோ இணைத்து, வெளியேறும் வழியை எப்போதும் வெளிச்சமாக வைத்திருக்கவும் முடியும். ஊன்றுகோலுடனோ செயற்கைக் காலுடனோ வேலைக்கு வருபவர்கள் பலர் உள்ள நம் பகுதியில் இது சின்ன விடயமல்ல.

மூன்றாவது, நிறம். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பேறிய அரிசியையும் நல்ல அரிசியையும் பிரிப்பது கடினம். மீனின் செவுள் நிறமும், துணியின் நூல் நிறமும் அப்படித்தான். நிறம் காட்டும் திறன் 80க்கு மேற்பட்ட எல்.ஈ.டி.யின் கீழ் தெரிவு செய்பவரின் கண்ணும் களைக்காது, திரும்பி வரும் சரக்கும் குறையும்.

நான்காவது, சூடு. நெல் தூசும் உமியும் பறக்கும் இடத்தில் கொதிக்கும் குமிழ் ஒரு தீ அபாயம். மீன் வைக்கும் குளிரறையில் விளக்கின் சூட்டை வெளியேற்றக் குளிரூட்டிக்கு மறுபடியும் மின்சாரம் வேண்டும். அங்கே எல்.ஈ.டி. இரண்டு தடவை மிச்சப்படுத்துகிறது.

வாங்கும்போது

பெட்டியில் '50,000 மணிநேரம்' என்று போட்டிருக்கும். நாம் மேலே பார்த்த கணக்குப்படி அது 16 ஆண்டுகள். சில்லு அவ்வளவு காலம் இருக்கலாம். ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் 'ட்ரைவர்' என்ற சுற்று அதற்கு முன்பே பழுதாகும். தகரக் கூரையின் வெக்கையும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும், பருவமழைக்கு முன்னரான இடிமின்னலும் அதைத்தான் முதலில் தாக்கும். ஆகவே ட்ரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கை வாங்குங்கள். மின்னெழுச்சியைத் தாங்கும் அளவு குறைந்தது 4 கிலோவோல்ற் இருக்கவேண்டும். பிரதான பெட்டியில் மின்னெழுச்சிப் பாதுகாப்பு ஒன்றும் வேண்டும். தூசு உள்ள இடத்துக்கு ஐ.பி. 65 தரம் பாருங்கள். வலுக்காரணி 0.9க்குக் குறையக்கூடாது. உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் இரண்டை மாட்டி ஒரு மாதம் பாருங்கள்.

ரியூப் லைற்றை மாற்றுபவர்களுக்கு ஒரு சொல். பழைய சோக்கை அப்படியே விட்டு எல்.ஈ.டி. ரியூப்பைச் செருகினால் சோக் தொடர்ந்து மின்சாரம் எடுக்கும். சில ரியூப்களுக்கு ஒரு பக்கத்தால் மட்டும் மின் கொடுக்கவேண்டும், சிலவற்றுக்கு இரு பக்கத்தாலும். இணைப்பு மாறினால் மின்தாக்கும் அபாயம் உண்டு. தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

கழற்றிய ரியூப்களில் இரசம் இருக்கிறது. மெற்றல் ஹேலைட் குமிழ்களிலும் அப்படியே. அவற்றை உடைத்துப் பாழ்கிணற்றிலோ குப்பைக்குழியிலோ போடாதீர்கள். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே கொட்டுவது கீழே கிணற்றுக்குப் போகும் என்பதைச் சுன்னாகத்துக் கழிவெண்ணெய் ஏற்கெனவே நமக்குக் காட்டிவிட்டது. முழுதாகப் பெட்டியில் அடுக்கி வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. விளக்கு வாங்குவதற்கு முன் கூரையை ஒருமுறை பாருங்கள். பத்துத் தகட்டுக்கு ஒன்றை ஒளிபுகும் தகடாக மாற்றினால் பகலில் பல விளக்குகளை அணைத்தே வைக்கலாம். விளக்குகளை வரிசை வரிசையாகத் தனிச் சுவிட்சுகளில் பிரித்துவிட்டால், ஆளில்லாத வரிசை எரியாது. இரண்டுக்கும் பெரிய செலவில்லை. அதற்குப் பிறகும் எரியவேண்டிய விளக்கு எதுவோ, அதை முதலில் எல்.ஈ.டி.யாக மாற்றுங்கள்.