குதிரைக் காலில் சேற்றுப்புண்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் வேகவதிக் கரையோரம் கட்டிக் கிடக்கும் கல்யாணக் குதிரைகளுக்குக் காலில் புண் வரும். வயலில் நிற்கிறவர்களுக்கு வருவதைப் போல இதையும் சேற்றுப்புண் என்றுதான் சொல்கிறார்கள். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆனாலும் மழைக்காலத்தில் சின்ன காஞ்சிபுரத்து என் வீட்டுக் கதவைச் சாரட் வண்டிக்காரர்கள் தட்டாமல் இருப்பதில்லை. வரும்போதே கையில் ஒரு களிம்பு டப்பா இருக்கும். "சார், இதைத் தடவலாமா?"

தடவலாம். ஆனால் அது கடைசி வேலை.

குதிரை வறண்ட நிலத்துப் பிராணி. நம் ஊர் ஈரமும் தீனியும் அதற்கு என்றைக்குமே சோதனைதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் வாங்கும் குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் ஓராண்டுக்குள் பெரும்பாலும் செத்துப்போவதாக எழுதிவைத்தார். வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகளுக்கு அந்தக் கவலை இல்லை. நோய் எங்கே தொடங்கும் என்று கேட்கிறவர்களுக்கு அந்தச் சிற்பங்களைத்தான் காட்டுவேன்: குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கம் மடிகிற பள்ளம்.

பெரும்பாலும் டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். 1915-இல் பெல்ஜியக் காங்கோவில் மாடுகளில் கண்டு எழுதினார்கள். தோல் முழுசாக இருக்கும்வரை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நாள்கணக்கில் ஈரத்தில் ஊறி, மண் உரசித் தோல் நைந்துபோனால் உள்ளே இறங்கிவிடும். மயிர் கற்றை கற்றையாக ஒட்டிப் பொருக்குக் கட்டும். பொருக்கை எடுத்தால் அடியில் சீழ் தெரியும்.

கல்யாண வீட்டார் கேட்பது வெள்ளைக் குதிரை. அதிலும் நுக்ரா என்றால் வாடகை அதிகம். நுக்ராவுக்கு மயிர் வெள்ளை, தோல் வெளுத்த ரோஸ் நிறம். அந்தத் தோலில்தான் புண் சீக்கிரம் பிடிக்கிறது. வெள்ளைக்காலில் சேறு தெரியக்கூடாது என்று தினமும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, துடைக்காமல் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். சேற்றைவிட இந்தக் கழுவல்தான் கெடுதல் என்பேன். சேறு தானாகக் காயட்டும். காய்ந்தபின் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால் துண்டால் ஒற்றி, பள்ளம்வரை உலர்த்துங்கள்.

அடுத்தது மார்கழி. முகூர்த்தம் கிடையாது, வருமானமும் கிடையாது. குதிரையைக் காலிமனையில் கட்டிவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவான். மாதம் முழுக்க ஒரே இடத்தில் தன் மூத்திரத்திலும் சாணத்திலும் நிற்கிற குதிரைக்குப் புண் வராமல் என்ன செய்யும்? நிற்கிற இடத்தைக் கொஞ்சம் மேடாக்கிச் சல்லி கொட்டி, மேலே உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள்.

புண் வந்துவிட்டால் முதலில் குதிரையைக் காய்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். நீள மயிரைக் கத்தரியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அபூர்வமாக மனிதருக்கும் ஒட்டும். பொருக்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தானாகக் கழல்வதை மட்டும் எடுங்கள். பிய்த்தால் வலியில் உதைக்கும். கழன்ற பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், எரித்துவிடுங்கள். குளோர்ஹெக்சிடின் அல்லது போவிடோன் அயோடினை மருத்துவர் சொல்லும் அளவில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அலசி, முழுக்கக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் களிம்பு. ஈரத்தின்மேல் களிம்பைப் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வெந்த தோலை இன்னும் வேகவைக்கிற வேலை அது.

கால் வீங்கினாலோ, நொண்டினாலோ, காய்ச்சல் அடித்தாலோ கைவைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி மருந்து தேவைப்படலாம்.

மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை பேசப்போகிற பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கொடுக்குமுன் வண்டிக்காரரைக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பொருக்கு இருந்தால் காரைப் பேசிக்கொள்ளுங்கள்.