ராணி கையிலிருந்தும் டிராவா?

செஸ் புரோகிராமில் உங்களிடம் ராணி, கம்ப்யூட்டரிடம் ரூக் எனப்படும் யானை. மற்றபடி இரு ராஜாக்கள் மட்டும். சுலபமான வெற்றிதானே என்பீர்கள். 1978-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன், 'பெல்' என்ற செஸ் கம்ப்யூட்டருடன் இப்படி ஆடினார். (அதை உருவாக்கிய கென் தாம்ப்சன்தான் யூனிக்ஸ் தந்தவர்களில் ஒருவர்.) 31 மூவ்களில் முடிய வேண்டியது, 45 ஆகியும் யானை சிக்கவில்லை. எதையும் வெட்டாமல் 50 ஆனால் டிரா! செக்மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எல்லா நிலைகளுக்கும் விடையை முன்பே சேமித்து வைத்திருந்தது பெல்.

நான் பழகியது இது. போர்டில் வெள்ளை ராஜா சி6, ராணி ஏ5. கறுப்பு ராஜா பி8, யானை பி7 என வையுங்கள். வெள்ளையின் முறை. ராணியை இ5-க்கு நகர்த்தி செக், ஏ1-ல் மீண்டும் செக், பிறகு பழையபடி ஏ5. நிலை மாறவில்லை, ஆனால் நகர்த்த வேண்டியது கறுப்பு. யானை ராஜாவை விட்டு விலகினால், அடுத்தடுத்த செக்குகளில் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கி, யானையை வெட்டிவிடலாம்.