கால் விறைப்புக்கு விற்றமின் குளிசை: யாருக்கு உதவும்?

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இரவிரவாக மரக்கறி மூட்டை இறக்குபவர்கள் மணிக்கணக்காக நின்றபடியே வேலை செய்கிறார்கள். பாதம் எரிந்தாலும் விறைத்தாலும், நின்ற களைப்பு என்று விட்டுவிடுவார்கள். நீரிழிவு உள்ளவருக்கோ அது நரம்பு பழுதடைவதன் அறிகுறியாக இருக்கலாம். விறைப்பு கூடியதும் பலர் பாமசிக்குப் போய், "நரம்புக்கு ஒரு விற்றமின் தாங்க" என்று கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். பரிசோதிக்காமல் இப்படி வாங்குவது தவறு.

மரக்கறியில் இல்லாத பி12

நரம்பின் மேலுறையைக் காப்பதில் பி12 விற்றமினுக்குப் பெரும் பங்குண்டு. நாட்டின் பெரிய மரக்கறிச் சந்தை பக்கத்தில் இருந்தும் பயனில்லை; மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலேயே அது இயற்கையாகக் கிடைக்கிறது. எனவே சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பி12 குறைவதற்கு இன்னொரு காரணம் மெட்போமின். நீரிழிவுக்கு முதலில் கொடுக்கப்படும் இந்த நல்ல மருந்து, குடல் பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கக்கூடும். ஈரலில் பி12 சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருடங்கள் ஆகும். இரத்தச்சோகை இல்லாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால், "இரத்தம் நல்லா இருக்கு" என்று ஆறுதல் அடைய முடியாது. குறைபாடு உறுதியானால் பி12 குளிசையோ ஊசியோ உண்மையான மருந்து; நாட்பட்டால் நரம்பு முழுதாக மீளாமலும் போகலாம். அதற்காக மெட்போமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குறைபாடு இல்லாதவருக்கு, நீரிழிவால் வந்த நரம்புப் பழுதை விற்றமின் குளிசை மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

பி6 அளவு மீறினால்

ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி6 ஏறத்தாழ 2 மில்லிகிராமுக்குள் அடங்கும். சில நரம்புக் குளிசைகளில் 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. நீண்ட காலம் இதைப் பாவித்தால் பி6 தானே நரம்பைக் கெடுத்து, அதே விறைப்பையும் எரிவையும் தரக்கூடும். நோயாளியோ நோய் முற்றியதென்று நினைத்து இன்னும் கூட்டிப் போடுவார். பெட்டியில் அளவைப் பாருங்கள்.

பாதம்

இரத்தச் சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் பாதத்தைக் காப்பதும் எந்த விற்றமினையும் விட முக்கியம். உணர்வு மங்கிய காலுக்குச் சூடு தெரியாது. நண்பகலில் தம்புள்ளைக் குகை விகாரையின் கற்பாறையிலோ கோயில் வீதியிலோ வெறுங்காலோடு நடந்தால் தோல் கொப்பளித்த பிறகே தெரியவரும். வெயில் ஏறுமுன் போய்வாருங்கள். இரவில் உள்ளங்கால்களைப் பாருங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை வருடமாக மெட்போமின் பாவிக்கிறீர்கள் என்று சொல்லி, பி12 பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.