சிக்னலை இருவரும் சொல்ல வேண்டும்

"எப்போது பார்த்தாலும் என்னடா ஆஸ்பத்திரிக் கதை?" என்று மகனைக் கேலி செய்பவன் நான். ஆனால் 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரில், 2009-ல் வந்த 'ஹவுஸ் டிவைடட்' என்ற பகுதியை அவனோடு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

டாக்டர் ஹவுஸ் மகா மேதை, மகா கர்வி. கால்வலி மாத்திரைக்கு அடிமை. அவரிடம் வேலை பார்த்த இளம் டாக்டர் கட்னர் திடீரென்று தற்கொலை செய்துகொள்கிறார். எவர் மனதையும் படித்துவிடும் ஹவுஸுக்கு அது முன்கூட்டித் தெரியாமல் போயிற்று. தூக்கம் போகிறது. அப்போதுதான் கண்முன் ஆம்பர் வந்து நிற்கிறாள். அவள் நண்பர் வில்சனின் காதலி. முந்தைய ஆண்டு, குடித்திருந்த ஹவுஸை அழைத்துப் போக வந்து, பஸ் விபத்தில் சிக்கி இறந்தவள்!

பயப்பட வேண்டியவர் சந்தோஷப்படுகிறார். மறந்ததையெல்லாம் அவள் எடுத்துக் கொடுக்கிறாளே! அவள் துணையோடு சக டாக்டர் சேஸுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு விருந்து வைக்கிறார். அங்கே ஸ்ட்ராபெரி கலந்த பூச்சு ஒவ்வாமல் சேஸ் மூச்சுத் திணறி விழுகிறார். அந்த ஒவ்வாமை ஹவுஸுக்கு முன்பே தெரியும். அப்படியானால் கொல்லப் பார்த்தது யார்? ஆம்பர் என்பது தன் மனம்தானே! அந்த இடத்தில் ஹியூ லாரியின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

காரணம் உண்டு. என் மனைவி காலமான நாளிலிருந்து, விடியற்காலையில் "காபி ஆறிப் போகுது" என்று அவள் குரல் எனக்குக் கேட்கும். அன்று நெஞ்சு வலிக்கிறது என்றவளிடம் "வாயுவாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு லைன் பார்க்கக் கிளம்பியவன் நான். குரலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பைத்தியம் என்பார்களோ என்று ஒரு பயம். சொன்னால் குரல் நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம்.

ரயில் எஞ்சினில் டிரைவர் சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது. உரக்கச் சொல்ல வேண்டும். உதவி டிரைவரும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷ அனுபவஸ்தருக்கும் விலக்கில்லை. ஹவுஸும் அடுத்த பகுதியில்தான் வில்சனிடம் வாய் திறக்கிறார். கடைசியில் மனநல மருத்துவமனைக்குப் போகிறார்.

அன்றிரவே மகனிடம் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் என் தூக்கத்தையும் மாத்திரைகளையும் விசாரித்துவிட்டு, 1971-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். வேல்ஸ் நாட்டில் டாக்டர் ரீஸ், துணையை இழந்த 293 பேரை விசாரித்தாராம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறந்தவரைக் குறித்து இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்திருக்கிறது. சிலர் பார்த்தும் கேட்டும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வெளியே சொன்னதே இல்லை.

குரல் இன்னும் எப்போதாவது கேட்கிறது. "வாயு" என்று நான் சொன்னதுதான் உறுத்துகிறது. அதையும் இப்போது மகனிடம் சொல்லிவிட்டேன்.