விசிறி அறையைக் குளிர்விக்குமா?

கோடை வந்ததும் நம் வகுப்பறைச் சுவர்களில் விசிறிகள் ஓயாது சுழல்கின்றன. அவை அறையைக் குளிர்விப்பதாகவே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அசையும் காற்று மேனியின் வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. அதனாலேயே நமக்குக் குளிர்ச்சி தோன்றுகிறது. ஆளில்லா அறையில் சுழலும் விசிறி, தன் மோட்டாரின் வெப்பத்தையே அறைக்குச் சேர்க்கிறது. வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் விசிறி உடலையே சூடாக்கும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் அந்நிலை அரிது.

அறை குளிர வேண்டுமெனில் வெயில் தடைபட வேண்டும். வெளிக்காற்று புக வேண்டும். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையை, மின்விசிறி இல்லாத காலத்தில் இதனை அறிந்தே கட்டியிருக்கின்றனர். சரிந்த ஓட்டுக்கூரையும் மரச்சட்டமிட்ட சாளரங்களும் கொண்ட அதன் மந்திரசாலை நண்பகலிலும் தண்ணென்றிருப்பதைக் கண்டோர் அறிவர். நாமோ ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் இட்டோம். பகலில் குடித்த வெயிலை அது இரவில் உமிழ்கிறது.

எம் வாப்பா கொசுவுக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்து, சுவர் விசிறியின் கீழ் உறங்குவார்; உள்ளிருந்த வெக்கையே சுழன்றுகொண்டிருக்கும். மூத்தோர் உடல் அதனைத் தாங்குவது எளிதன்று. சாளரங்களுக்கு வலை அடித்தோம்; காற்று வரும் சாளரத்தின் பக்கமாக விசிறியை மாற்றினோம்; எதிர்ச்சாளரத்தையும் திறந்துவைத்தோம். இப்போது பின்னிரவில் வாப்பாவே எழுந்து விசிறியின் வேகத்தைக் குறைக்கிறார்.