மிதித்தால் உதறும் கார்

சமதளத்தில் சீராக ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால்தான் வண்டி உதறுகிறது, பிக்கப் போய்விடுகிறது, செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. காலைத் தளர்த்தினால் எல்லாம் பழையபடி. டர்போ பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் புகார் இது. உடனே டர்போமேல்தான் சந்தேகம் விழும். ஆனால் இழுவைக் குறைவோடு இப்படி உதறலும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது தீப்பொறியை. ஏன் என்று புரிய, டர்போ செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

புகைபோக்கி வழியே வீணாகும் வாயுவைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கின்றன. ஐடிலிங்கில் நிற்கும் எஞ்சினின் இன்டேக் குழாயில் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.35 பார். டர்போ முழு வீச்சில் தள்ளும்போது அது 1.8, 2 பார் வரை ஏறும். அதாவது, பிளக் பொறியைக் கிளப்ப வேண்டிய இடத்தில் காற்று ஐந்து மடங்குக்கும் மேல் அடர்ந்து நிற்கிறது.

காற்று மின்சாரத்தைக் கடத்தாது. பொறி பாய வேண்டுமென்றால், இடைவெளியில் இருக்கும் எலக்ட்ரான்கள் வேகமெடுத்து வாயு மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலக்ட்ரான்களை உதிர்க்க வேண்டும். அடர்த்தி கூடினால், தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஓடப் பார்க்கிறவனைப்போல, வேகம் எடுப்பதற்குள் எலக்ட்ரான் யார்மீதாவது இடித்து நின்றுவிடும். அதை மீறி ஓடவைக்க வோல்டேஜைக் கூட்டித்தான் ஆக வேண்டும். தேவைப்படும் வோல்டேஜ், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் மதிப்பைப் பொறுத்தது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-ல் கண்டறிந்தார். தேய்ந்த பிளக்கில் இடைவெளி 0.7 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டராகி, பிளக்குக்கு வோல்டேஜ் தரும் காயிலும் பழசாகியிருந்தால், ஐடிலிங்கில் எளிதாகப் பாயும் பொறி பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) ஏறியதும் பாயாமல் நின்றுவிடும்.

சில நேரம் பொறி வேறு வழி தேடிக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின்மேல் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து இரும்பு உடல்வரை இறங்கியிருக்கலாம். காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதற்கு நேராக ஒரு கோடு தெரியும். பொறி வெளிப்பக்கமாக வழிந்தோடிய தடம் அது. இந்தக் கோடு விழுந்தபின் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இப்போது இந்தியச் சாலைகளில் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்கள் ஏராளம். 2,400 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 20 முறை எரிகிறது. ஒன்று மிஸ் ஆனால் மூன்றில் ஒரு பங்கு வலு போவதோடு, நொடிக்கு 20 முறை உந்தல் இல்லாத வெற்றிடம் விழுகிறது. ஸ்டியரிங்கில் உணரும் நடுக்கம் அதுதான். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல்சக்கரத்தின் பற்களை ஒரு சென்சார் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது சுழற்சி கண நேரம் தளர்கிறது என்று பார்த்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதற்கான பிழைக் குறியீட்டைப் பதிந்துவைக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பல வண்டிகளில் இசியு பூஸ்ட்டையும் குறைத்துவிடுவதால், இழுவை இன்னும் சுருங்கிப்போகிறது.

காயிலை வெளியே எடுத்து, பிளக்கை மாட்டி, "பொறி நல்லா வருதே சார்" என்று காட்டுவது பட்டறைகளில் வழக்கம். திறந்தவெளியில் வரும் பொறி, பூஸ்ட் ஏறிய சிலிண்டருக்குள் வரும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மேலே சொன்ன இயற்பியல் அதைத்தான் சொல்கிறது. இதைவிட நேர்மையான சோதனை ஒன்று உண்டு, செலவும் இல்லை. ஸ்கேனர் பி0301 காட்டினால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், அங்கிருப்பதை முதலாவதிலும் மாட்டிவிட்டு, பழைய குறியீடுகளை அழித்து, உதறல் வந்த அதே இடத்தில் அதே கியரில் மிதித்துப் பார்க்க வேண்டும். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இதேபோல் இடம் மாற்றலாம். அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று உள்ளே போக வேண்டும்.

எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து தடுமாறினால் கதை வேறு. டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் அது ஐடிலிங்கில் மூடியே இருக்கும். அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறந்து "ஸ்ஸ்" என்று காற்றை விடும். கிளாம்ப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. பெட்ரோல் பம்ப் பலவீனமானாலும் மிதிக்கும்போதுதான் தெரியும். ஓட்டத்தில் ஸ்கேனரில் எரிபொருள் அழுத்தத்தைப் பார்த்தால் போதும். விளக்கும் எரியாமல், இழுவையும் குறையாமல், உதறல் மட்டும் வேகத்தோடு கூடினால் ஆக்ஸில் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்க்காமல் டர்போவைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். அதே சமயம், செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியும்போது மிதித்து ஓட்டவும் வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே பற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் தேன்கூட்டு அமைப்பே உருகிப்போகலாம். உருகியது வழியை அடைத்துக்கொண்டால், புதுக் காயில் மாட்டிய பிறகும் வண்டி இழுக்காது.